கதைக்கு ஒரு மெயின் கேரக்டரை உருவாக்குறது எப்படி: புதுசா எழுத வர்றவங்களுக்கு

புதுசா கதை எழுத வர்றவங்க நெறைய பேர் மொதல்ல செய்யற வேலை, ஒரு நோட்டை எடுத்து ஹீரோவோட பயோடேட்டா எழுதறது. பேரு, வயசு, உயரம், புடிச்ச கலர், புடிச்ச பாட்டு, சின்ன வயசுல நாய் கடிச்சது வரைக்கும் ரெண்டு பக்கம் எழுதிடுவாங்க. அப்புறம் கதையை ஆரம்பிச்சா அந்த ஆளு காலைல எந்திரிக்கிறாரு, காபி குடிக்கிறாரு, ஜன்னல் வழியா மழையைப் பாக்குறாரு, பழைய ஞாபகம் வருது, அதுக்குள்ள மூணு பக்கம் போயிடுது, கதை மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது. எழுதறவங்களுக்குத் திறமை இல்லாம இப்படி ஆகறதில்ல, ஆரம்பிக்கிற எடம் மாறிப்போறதாலதான் ஆகுது.

ஒரு கேரக்டர் பின்னாடி நாம ஏன் முந்நூறு பக்கம் நடக்குறோம்னு யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு ஏதோ ஒண்ணு வேணும், அது சுலபமா கெடைக்கல, அதுக்காக ஒரு முடிவு எடுக்குறாங்க, அந்த முடிவால வர்றதை அவங்களேதான் தாங்கியாகணும். நல்லவங்களா, அழகா, புத்திசாலியா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் கெடையாது. முடிவெடுக்கிற ஆளா இருந்தாப் போதும். கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்தை உங்க கதைக்குள்ள கொண்டு வர்றதுக்கான வேலைகள்தான்.

வெறுமனே தியரியா சொன்னா மண்டைல நிக்காது, அதனால ஒரு கேரக்டரை இங்கயே கூட சேர்ந்து உருவாக்குவோம். பேரு செல்வி, வயசு 34, சங்கரன்கோயில்ல தாலுகா ஆபீஸுக்கு எதிர்ல, மாடிப்படிக்குக் கீழ இருக்குற சின்ன எடத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. மனு டைப் பண்ணிக் குடுக்கறது, ஸ்கேன் பண்றது, லேமினேஷன் இதெல்லாம் அவ வேலை. இப்போதைக்கு இவ்ளோ போதும், புடிச்ச கலர் எல்லாம் வேணாம்.

மொதல் வேலை: இது யாரோட கதைன்னு முடிவு பண்ணுங்க

கதைன்னு ஒண்ணு மனசுல தோணும்போது பெரும்பாலும் ஒரு சம்பவமாத்தான் தோணும், அதுல நாலஞ்சு பேர் இருப்பாங்க. அந்த நாலு பேர்ல யார் கூட நாம போகப்போறோம்ங்கறதைப் பொறுத்து மொத்தக் கதையும் மாறிடும்.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் பூமணியோட 'வெக்கை'. 1982-ல வந்த நாவல். அண்ணனைக் கொன்ன ஆளைப் பழிவாங்குற சிதம்பரம்ங்கற பதினஞ்சு வயசுப் பையன் கூடவே நாவல் போகுது. வெட்டிட்டு ஓடி, அப்பா கூட காட்டுல ஒளிஞ்சு திரியுறான். அந்த வயசுப் பையன் அந்த நேரத்துல எதைப் பாப்பான், எதைத் திங்கணும்னு நெனைப்பான், அப்பாவை எப்படிப் புரிஞ்சுக்குவான், இதுதான் நாவல். அதை வச்சு 2019-ல 'அசுரன்' படம் எடுத்தப்ப மையம் அப்பா பக்கம் போயிடுச்சு, மகனைக் காப்பாத்தணும்னு துடிக்கிற, தனக்குன்னு ஒரு பழைய கதை வச்சிருக்கிற அப்பா. வெட்டு ஒண்ணுதான், ஓட்டமும் ஒண்ணுதான், ஆனா யார் பக்கம் நிக்கிறோம்ங்கறது மாறினதும் கேள்வியே வேற ஆயிடுது. நாவலையும் படத்தையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா பாருங்க, எழுதக் கத்துக்கறவங்களுக்கு இதை விட நல்ல பாடம் சுலபமா கெடைக்காது.

நம்ம செல்வி கதைக்கு வருவோம். கட்டட ஓனர் முத்தையா அண்ணாச்சி. அவரோட அப்பா செத்து ரெண்டு மாசம் ஆகுது. அந்தக் கட்டடத்தோட திண்ணைலயே தையல் மெஷின் போட்டுப் பொழைக்கிற கோமதி அக்கா அண்ணாச்சியோட சொந்தத் தங்கச்சி. வாரிசு சான்றிதழுக்கு அப்ளை பண்ண அண்ணாச்சி செல்வி கிட்ட பேப்பர் குடுக்குறாரு, அதுல வாரிசுங்க பேருல அம்மா இருக்கு, அண்ணாச்சி இருக்காரு, கோமதி பேரு மட்டும் இல்ல.

இங்க யாரோட கதை இது? அதிகமா இழக்கப்போறது கோமதி அக்காதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவங்களுக்கு விஷயமே தெரியாது, தெரியாதவங்களால ஒண்ணும் செய்ய முடியாது. தெரிஞ்சவ செல்வி. அவதான் சொல்லணுமா வேணாமான்னு ராத்திரி தூக்கம் இல்லாம கெடக்கப்போறா. இழக்கறவங்க ஒருத்தர், முடிவெடுக்க வேண்டியவங்க இன்னொருத்தர்னு வந்தா, புதுசா எழுதறவங்க முடிவெடுக்கிறவங்க பக்கம் போறது நல்லது. (கோமதி பக்கம் இருந்தும் எழுதலாம், ஆனா அது அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்கிற கதை.)

ஒரு பேப்பர்ல உங்க சம்பவத்துல இருக்குற எல்லாரோட பேரையும் எழுதி, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரே ஒரு வரி எழுதுங்க: இவங்க ஒண்ணுமே செய்யாம சும்மா வீட்டுக்குப் போக முடியுமா? முடியும்னா அந்தப் பேரை அடிச்சுடுங்க. மிஞ்சுற ஆளுதான் உங்க ஆளு.

அடுத்தது: அவங்களுக்கு என்ன வேணும்? கையில தொட்டுப் பாக்குற மாதிரி ஒண்ணு

'அன்பு வேணும்', 'சுதந்திரம் வேணும்', 'நிம்மதி வேணும்' இதெல்லாம் எல்லாருக்கும் வேணும், அதை வச்சு ஒரு சீன் கூட எழுத முடியாது. புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எப்படி ஆரம்பிக்குதுன்னு எடுத்துப் பாருங்க. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேர்ற முக்குல நின்னுட்டு பிள்ளைவாள் கணக்குப் போட்டுட்டு இருப்பாரு. டிராம்ல போனா காலணா மிஞ்சும், வெத்தலை பாக்கு போட்டுக்கலாம், பஸ்ல போய் கண்டக்டரை ஏமாத்தி பாதி தூரம் தாண்டினதும் டிக்கெட் வாங்கினா அரை கப் காபி குடிக்கலாம், ஆனா அப்ப வெத்தலை கெடையாது. அவ்ளோதான் அவரோட அந்த நேரத்துப் பிரச்சினை. அந்த ஒரு கணக்குலயே அவர் எப்படிப்பட்ட ஆளு, பாக்கெட்ல எவ்ளோ இருக்கு, எதுக்காக எதை விட்டுக் குடுப்பாரு, தர்ம நியாயம் எவ்ளோ தூரம் வளையும், எல்லாம் தெரிஞ்சுபோகுது. அதுக்கப்புறம் கடவுளே நேர்ல வந்து நின்னாலும் இந்த ஆளு தான் நடத்துற வைத்தியப் பத்திரிகைக்கு சந்தா புடிக்கத்தான் பாப்பாருன்னு நமக்கு நம்பிக்கை வந்துடுது, கதையும் அப்படியே போகுது.

செல்விக்கு என்ன வேணும்? பக்கத்துல ஒரு ரூம் காலியாகுது. படிக்கட்டுக்குக் கீழ மெஷின் சூட்டுல நின்னு நின்னு அவளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, மழை பெஞ்சா பேப்பரை அள்ளிக்கிட்டு ஓடணும். அந்த ரூம் கெடைச்சா பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் எடுக்கலாம். அட்வான்ஸ் 40,000 ரூபாய், அவகிட்ட 26,000 இருக்கு, மிச்சத்தை மாசாமாசம் கழிச்சுக்கலாம்னு சொல்ற ஒரே ஆளு முத்தையா அண்ணாச்சி. பாருங்க, இப்பவே கதை இறுகுது. வேணும்ங்கறது தெளிவா இருந்தா, யாரால அது கெடைக்கும், யாரால தடைபடும்ங்கறது தானா வந்து நிக்கும்.

இந்த வெளி ஆசைக்குக் கீழ இன்னொண்ணு இருக்கும், அது இல்லாம வெறும் ரூம் மட்டும் இருந்தா கதை தட்டையாயிடும். செல்வி புருஷனை விட்டுட்டு அண்ணன் வீட்டுல ஒண்டியிருந்து, ஒவ்வொரு செலவுக்கும் அண்ணி மூஞ்சியைப் பாத்து நின்னவ. யார்கிட்டயும் கை நீட்டக்கூடாதுங்கறதுதான் அவளோட அடி ஆசை. இதை நீங்க கதைல எழுதவே வேணாம், உங்களுக்குத் தெரிஞ்சா போதும், அவ ஒரு டீக்குக் கூட அடுத்தவங்க காசு குடுக்க விடமாட்டாங்கற மாதிரி சின்னச் சின்ன எடத்துல அது தானா வெளிய வரும்.

குறையை ஒட்ட வைக்காதீங்க, கதையோட பின்னுங்க

கேரக்டருக்குக் குறை இருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, சரிதான், ஆனா புதுசா எழுதறவங்க அதைக் கேட்டுட்டு 'கொஞ்சம் கோவக்காரன்'னு ஒரு வரி சேத்துட்டு விட்டுடுவாங்க, அந்தக் கோவம் கதைல ஒரு எடத்துலயும் ஒண்ணும் பண்ணாது. இருந்தும் இல்லாத மாதிரிதான்.

'பொன்னியின் செல்வன்' 1950-ல இருந்து 1954 வரைக்கும் கல்கி பத்திரிகைல தொடரா வந்தது. வாராவாரம் அத்தனை வருஷம் ஜனங்க காத்திருந்து படிச்சாங்கன்னா அதுக்குப் பெரிய காரணம் வந்தியத்தேவன்னுதான் நான் நெனைக்கிறேன். தலைப்புல இருக்கிறவர் அருள்மொழிவர்மர், ஆனா நாம குதிரை ஏறிப் போறது வந்தியத்தேவன் கூட. ஏன்? அருள்மொழி கிட்டத்தட்ட குறையே இல்லாதவர், தூரத்துல இருந்து கும்புடலாம். வந்தியத்தேவன் அவசரக்குடுக்கை. ரகசிய ஓலையை எடுத்துட்டுப் போற தூதன் கமுக்கமாப் போகணும்ல, இவன் கடம்பூர் மாளிகை வாசல்லயே காவக்காரங்க கூட மல்லுக்கட்டி உள்ள போறான், அதனாலதான் அன்னைக்கு ராத்திரி அங்க நடக்குற சதிக்கூட்டம் அவன் கண்ணுல படுது. குடந்தைல ஜோசியர் வீட்டுக்குள்ள தடுக்கத் தடுக்க நுழையுறான், அங்கதான் குந்தவையை மொதல்மொதலாப் பாக்குறான். அவன் குறையை எடுத்துட்டா கதையே இல்ல. மாட்டிக்கிறதும் அதால, தப்பிக்கிறதும் அதோட கூடப்பொறந்த வாய்த்துடுக்கால. இப்படி ஒரே குணம் ஒரு எடத்துல கவுத்து இன்னொரு எடத்துல காப்பாத்துச்சுன்னா அந்தக் கேரக்டர் உயிரோட இருக்குன்னு அர்த்தம்.

செல்வியோட குறை என்ன? யார் மூஞ்சிக்கு நேராவும் அவளால முடியாதுன்னு சொல்ல வராது. "ஏம்மா செல்வி, இதை டைப் பண்ணி ரெண்டு காப்பி எடுத்து வையி, சாயங்காலம் வாரேன்"னு அண்ணாச்சி சொன்னதும், படிச்சுக் கூடப் பாக்காம "சரி அண்ணாச்சி"ன்னு வாய்ல வந்துடும். சொன்னதுக்கு அப்புறம்தான் பேப்பரையே பாக்குறா. அந்த 'சரி' தான் மொத்தக் கதையோட முடிச்சு. ஆனா இதே குணத்தாலதான் ஊர்ல எல்லாரும் நம்பி அவகிட்ட வர்றாங்க, கோமதி அக்காவும் அவகிட்ட மனசு விட்டுப் பேசுறாங்க.

உங்க கேரக்டருக்கு ஒரு குறையைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு சோதனை பண்ணுங்க. அந்தக் குறையை எடுத்துட்டு அதே கதையை மனசுக்குள்ள ஓட்டுங்க. கதை அப்படியே ஓடுதுன்னா குறை வேலை செய்யலை, வேற தேடுங்க.

மொத ரெண்டு பக்கத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு செய்ய வைங்க

'செல்வி ரொம்ப நல்லவள், இரக்க குணம் உள்ளவள்'னு எழுதினா படிக்கிறவங்க அதை நம்பவும் மாட்டாங்க, மறுக்கவும் மாட்டாங்க, அப்படியே தாண்டிப் போயிடுவாங்க. அதுக்குப் பதிலா இப்படி யோசிங்க. காலைல ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை மனுவுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வருது. ஜெராக்ஸுக்குக் காசு ரெண்டு ரூபாய், செல்வி வாங்கி டப்பால போட்டுக்குறா, சும்மா எடுத்துக் குடுக்கல. ஆனா எழுதிட்டு வந்த மனுவுல பொறந்த வருஷம் ஆதார்ல இருக்குறதோட ஒத்துப்போகலை, இப்படியே குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க, பாட்டி இன்னும் ஒரு பஸ்ஸு செலவு பண்ணி வரணும். அவ ஒண்ணும் பேசாம புது பேப்பர்ல சரியான வருஷம் போட்டு மனுவைத் திரும்ப எழுதி, "இங்க பெருவிரல் வைங்க பாட்டி"ன்னு நீட்டுறா, அதுக்குக் காசு கேக்கல.

இந்தச் சின்ன சீன்ல எவ்ளோ விஷயம் வந்துடுச்சு பாருங்க. காசுல கறார், வேலைல சுத்தம், பேப்பர்ல ஒரு எழுத்து மாறினா ஒரு மனுஷி பொழப்பு மாறும்னு தெரிஞ்சவ. நாளைக்கு ஒரு பேப்பர்ல ஒரு பேரே இல்லாம போகும்போது அவ ஏன் அதைத் தாண்டிப் போக முடியாதுங்கறதுக்கான அஸ்திவாரம் இங்கயே போட்டாச்சு, ஆனா படிக்கிறவங்களுக்கு அது அஸ்திவாரமாத் தெரியாது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, கேரக்டரோட வேலையை நீங்க நெஜமாவே தெரிஞ்சுக்கணும். வாரிசு சான்றிதழுக்கு இப்ப இ-சேவை வழியா விண்ணப்பிக்கணும், இறப்புச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏத்தணும், விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு ரிப்போர்ட் குடுத்த அப்புறம்தான் தாசில்தார் குடுப்பாரு. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே உயில் எழுதாம செத்த அப்பாவோட சொந்தச் சம்பாத்தியத்துல மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. இதெல்லாம் தெரிஞ்சா கதைக்கு என்ன லாபம்னு கேப்பீங்க. விஏஓ விசாரணைக்கு வர்ற நாள்னு ஒரு கெடு கெடைக்குது! செல்வி அதுக்குள்ள வாயைத் தொறக்கணும், அதுக்கப்புறம் தொறந்தா விஷயம் கைமீறிடும். வேலையைப் பத்தின நெஜமான தகவல்ல இருந்துதான் கதைக்கு வேகம் கெடைக்கும், கற்பனைல இருந்து மட்டும் வராது. ஒரு நாள் தாலுகா ஆபீஸ் வாசல்ல போய் உக்காந்து பாத்துட்டு வந்து எழுதுங்க, வித்தியாசம் தெரியும்.

ரெண்டு பக்கமும் நஷ்டம் வர்ற மாதிரி ஒரு முடிவு

எழுதறதுல கஷ்டமான எடம் இதுதான், இதுக்கு நேரம் எடுத்துக்குங்க.

ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்'னு ஒரு சிறுகதை எழுதினாரு, 1966-ல ஆனந்த விகடன்ல வந்தது. மழைல பஸ் ஸ்டாப்ல நிக்கிற ஒரு காலேஜ் பொண்ணை ஒருத்தன் கார்ல ஏத்திட்டுப் போறான், அவ கெட்டுப்போய் வீட்டுக்கு வந்து அம்மா கிட்ட அழுறா. அம்மா மொதல்ல பதறினாலும் அப்புறம் அவளைக் குளிப்பாட்டி, தலைல தண்ணிய ஊத்தி, நீ சுத்தமாயிட்டன்னு சொல்லி விஷயத்தை அங்கயே முடிச்சுடறாங்க. அப்ப அது பெரிய சர்ச்சையாச்சு. அப்புறம் அவரே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினாரு, அதுக்கு 1972-ல சாகித்ய அகாதமி விருதும் கெடைச்சுது. அதுல அதே ராத்திரி, அதே பொண்ணு (பேரு கங்கா), ஆனா அம்மா அடக்கி வைக்காம கத்தி ஊரைக் கூட்டிடறாங்க, அண்ணன் வீட்டை விட்டுத் தொரத்துறான். அங்க இருந்து கங்காவோட மொத்த வாழ்க்கையும் வேற எடத்துக்குப் போகுது.

ஒரே ஒரு ஆளு ஒரே ஒரு நிமிஷத்துல எடுத்த முடிவு, ஒண்ணு சிறுகதையோட முடிவாச்சு, இன்னொண்ணு பெரிய நாவலோட ஆரம்பமாச்சு. அப்புறம் பெரியவளான கங்கா என்ன செய்யறாங்கறதுதான் அந்த நாவலோட பலம். வேலை, சம்பளம், மரியாதைன்னு வாழ்ந்துட்டு இருக்கிறவ, எந்த ஆளால இவ்ளோவும் நடந்துச்சோ அந்த ஆளையே தேடிப் போறா. ஊர் என்ன சொல்லும்னு அவளுக்கு நல்லாத் தெரியும், தெரிஞ்சேதான் போறா. பாதிக்கப்பட்டவளா உக்காந்து அழுதுட்டு இருந்தா நாம பாவம்னு சொல்லிட்டு மூடி வச்சிருப்போம்.

செல்வி கதைல அந்த எடம் எது? கோமதி கிட்ட சொன்னா ரூம் போச்சு, இருக்குற படிக்கட்டு எடமும் போகும், மறுபடி அண்ணன் வீடு. சொல்லாட்டி ரூம் கெடைக்கும், ஆனா தெனமும் காலைல அந்த ரூம் வாசல்லயே கோமதி அக்கா மெஷின் மிதிக்கிற சத்தம் கேக்கும். ரெண்டுல எதை எடுத்தாலும் ஏதோ ஒண்ணு போகுது. புதுசா எழுதறவங்க பெரும்பாலும் இங்க பயந்துபோய் மூணாவதா ஒரு வழியைத் தொறந்து விட்டுடுவாங்க, திடீர்னு ஒரு நல்ல தாசில்தார் வருவாரு, இல்ல அண்ணாச்சியே மனசு மாறிடுவாரு. தயவுசெஞ்சு தொறக்காதீங்க. அந்தக் கதவைச் சாத்துறதுதான் உங்க வேலை. அவளே முடிவெடுக்கட்டும்.

ஆனா ஒண்ணு, எதிர்ல நிக்கிற ஆளுக்கும் நியாயம் இருக்கணும், இல்லாட்டி இந்த முடிவு ரொம்ப சுலபமாயிடும். முத்தையா அண்ணாச்சியை வில்லனா எழுதினா செல்விக்கு யோசிக்கவே ஒண்ணும் இல்ல. "அவ கல்யாணத்துக்கு அப்பமே 30 பவுன் போட்டாச்சு, அந்தக் கடனை நாந்தான் அடைச்சேன். அப்பா படுத்துக் கெடந்த ஏழு வருசமும் பீ மூத்திரம் அள்ளுனது எம் பொண்டாட்டி. இப்ப பங்குன்னு வந்தா நாங்க எங்க போவோம்?"னு அவர் கேக்கும்போது செல்விக்கு ஒரு நிமிஷம் பதில் வரக்கூடாது, படிக்கிறவங்களுக்கும் வரக்கூடாது. அதோட செல்விக்குத் தேவைப்பட்டப்ப எடம் குடுத்தவரும் அவர்தான். எதிராளியோட பேச்சை எழுதும்போது அவரோட வக்கீலா உக்காந்து எழுதுங்க.

பேசாத ஆளுங்களைப் பத்தி

எப்பவும் ஏதாவது செஞ்சுக்கிட்டே இருக்கிறவங்கதான் மெயின் கேரக்டரா இருக்கணுமா, எங்க அம்மா மாதிரி அமைதியான ஆளை வச்சு எழுதக்கூடாதான்னு கேக்கறவங்க இருக்காங்க. தாராளமா எழுதலாம், ஆனா அமைதிக்குள்ள முடிவு இருக்கணும்.

சிலப்பதிகாரத்துல கண்ணகியைப் பாருங்க. புகார்க் காண்டம் முழுக்க அவ பேசறது ரொம்பக் கம்மி. கோவலன் மாதவி கிட்ட போயிட்டான், இவ வீட்டுல இருக்கா. அவளோட தோழி தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டத்துல குளிச்சு காமன் கோயில்ல கும்புட்டா புருஷன் திரும்பி வருவான்னு சொல்றா. கண்ணகி சொல்ற பதில் 'பீடன்று', அதாவது அது நமக்குப் பெருமை இல்ல, அவ்ளோதான். புருஷன் வேணும், ஆனா அதுக்காக இதைச் செய்ய மாட்டேன். மதுரைல பாண்டியன் சபைல போய் நின்னு 'தேரா மன்னா'ன்னு கேக்கப்போறவ யாருன்னு நமக்கு அந்த எடத்துலயே காட்டியாச்சு. நடுவுல எவ்ளோ மௌனம் இருந்தாலும் பரவால்ல, இந்த ஒரு மறுப்பு அதைத் தாங்கிப் புடிச்சுக்குது. எனக்கு நம்ம இலக்கியத்துலயே ரொம்பப் புடிச்ச எடங்கள்ல இது ஒண்ணு.

அசோகமித்திரனோட 'தண்ணீர்' ஜமுனா வேற மாதிரி. சினிமா சான்ஸ் வாங்கித் தர்றேன்னு சொல்ற ஆளை நம்பி அடிச்சுட்டுப் போற வாழ்க்கை, தெருவுல குடத்தோட தண்ணிக்கு அலைச்சல், எதையும் அவளால மாத்த முடியறதில்ல. அங்க பக்கத்துல இருக்கிற டீச்சரம்மா தன்னோட வாழ்க்கையைப் பத்திப் பேசுற பேச்சு ஜமுனாவுக்குள்ள எதையோ நகத்துது. வெளிய இருந்து பாத்தா பெருசா ஒண்ணும் நடக்கல. ஆனா முன்னாடி இருந்த ஜமுனா வேற, அதுக்கப்புறம் இருக்கிற ஜமுனா வேற. அமைதியான ஆளை எழுதணும்னா இவங்க ரெண்டு பேரையும் நல்லாப் படிச்சுட்டு வாங்க. கதை முழுக்க குறைஞ்சது ஒரு எடத்துலயாவது அவங்க மாட்டேன்னு சொல்லணும், இல்ல யாரும் எதிர்பாக்காத ஒரு சரி சொல்லணும்.

பேச்சு

இதுல நான் ரொம்ப நேரம் நிக்கப்போறதில்ல. உங்க ஆளு எந்த ஊரோ அந்த ஊர் பேச்சு காதுல கேக்கணும், அதுக்காக ஒவ்வொரு வார்த்தையையும் வட்டார வழக்குல இழுத்து எழுத வேணாம், முக்கியமான நாலஞ்சு வார்த்தையும் வாக்கியத்தோட போக்கும் வந்தாப் போதும். அதை விட முக்கியம், ஒரே ஆளு ஆளுக்கு ஆளு வேற மாதிரி பேசணும். செல்வி அண்ணாச்சி கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டா, கோமதி கிட்ட "யக்கா, டீ சொல்லட்டா"ன்னு ஆரம்பிச்சா நிறுத்தமாட்டா. அப்ப கோமதி கிட்டயே அவ ஒரு நாள் வாயைத் தொறக்காம இருந்தா, சொல்லாமலே படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும் ஏதோ சரியில்லன்னு.

எழுதி முடிச்சதும் செய்ய வேண்டிய வேலை

மொத ட்ராஃப்ட் முடிஞ்சதும் பிரிண்ட் எடுங்க, ரெண்டு கலர் பேனா எடுத்துக்குங்க. உங்க ஆளுக்கு ஏதாவது நடக்குற எடத்துல எல்லாம் சிவப்புல கோடு போடுங்க, உங்க ஆளு தானா ஏதாவது செய்யற எடத்துல நீலத்துல போடுங்க. போன் வந்துச்சு, திட்டு வாங்குனா, மழை வந்துச்சு, லவ்வர் விட்டுட்டுப் போயிட்டான், இதெல்லாம் சிவப்பு. மறைச்சா, கேட்டா, பொய் சொன்னா, கெளம்பிப் போனா, பேப்பரைத் திருப்பிக் குடுத்தா, இதெல்லாம் நீலம். பாதிக்கு மேல வந்த அப்புறமும் பக்கம் பக்கமா சிவப்பா இருந்தா அங்கதான் கதை தொய்யுது. எல்லாத்தையும் மாத்த வேணாம், ஒவ்வொரு சிவப்புக்கும் பின்னாடி ஒரு சின்ன நீலம் வைக்க முடியுதான்னு பாருங்க. அண்ணாச்சி வந்து பேப்பர் ரெடியான்னு கேக்குறாரு, சிவப்பு. கரண்டு இல்லன்னு செல்வி பொய் சொல்றா, நீலம். பாருங்க, ஒரு நாள் தள்ளிப்போச்சு, டென்ஷன் ஏறிடுச்சு, செல்வியோட குறையும் அங்கயே வேலை செய்யுது.

அடுத்து, உங்க ஆளை எங்கெல்லாம் நீங்க காப்பாத்தி விட்டிருக்கீங்கன்னு தேடுங்க. நமக்கு நம்ம கேரக்டர் மேல பாசம் வந்துடும், அவங்க கேவலமா நடந்துக்கற எடத்தை அவசரமாத் தாண்டிடுவோம். செல்வி ஒரு ராத்திரி அந்தப் பேப்பரை டைப் பண்ணியே முடிச்சிருக்கலாம், அட்வான்ஸுக்கு அண்ணாச்சி சொன்ன தவணையை நெனைச்சுக்கிட்டே. அதை எழுதுங்க. அவ விரல் எந்தப் பேருக்கு அப்புறம் நின்னுச்சுங்கறது வரைக்கும் எழுதுங்க. அங்கதான் படிக்கிறவங்க அவகிட்ட ரொம்ப நெருங்கி வருவாங்க.

கடைசியா, ஒருத்தர் கிட்ட படிக்கக் குடுங்க. 'எப்படி இருக்கு'ன்னு கேக்காதீங்க, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க, அதால உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. மூணு கேள்வி மட்டும் கேளுங்க. செல்விக்கு என்ன வேணும்னு நெனைக்கிறீங்க? எந்த எடத்துல அவ மேல கோவம் வந்துச்சு? எந்தப் பக்கத்துல அவ இப்ப என்ன செய்யப்போறாளோன்னு தோணுச்சு? மொதக் கேள்விக்கு பதில் தயங்கி வந்தா ஆரம்பத்தைத் திருத்துங்க. ரெண்டாவதுக்கு 'கோவமே வரல'ன்னு சொன்னா நீங்க இன்னும் அவளைக் காப்பாத்திட்டு இருக்கீங்க. மூணாவதுக்கு அவங்க ஒரு பக்கத்தைச் சொன்னா, அந்தப் பக்கத்தை மட்டும் தொடாதீங்க, மத்ததை எல்லாம் அதோட தரத்துக்குக் கொண்டு வாங்க.